38,000 யென் போச்சு: பழைய மட்சா கிண்ணம் வாங்கப் போகிறவர்கள் ஒரு நிமிஷம் படித்துவிட்டு வாங்குங்கள்

"இந்தப் பரிவர்த்தனை முடிந்துவிட்டது, மேற்கொண்டு எங்களால் தலையிட முடியாது." கிண்ணம் வாங்கின செயலிக்காரர்களிடமிருந்து நேற்று ராத்திரி வந்த நான்காவது பதில் இது. முதல் மூன்றும் இதேதான், மேலே போட்டிருந்த வணக்கம் மட்டும் வேறு. தூக்கம் வராமல் உட்கார்ந்து எழுதுகிறேன். போனது 38,000 யென்.

ஜப்பானில் இருக்கிறவர்களுக்குத் தெரியும், வீட்டில் கிடக்கிற பொருளைப் போனில் படம் பிடித்துப் போட்டு விற்கிற செயலிகள் இங்கே உண்டு. அதில் ஒன்றில்தான் வாங்கினேன். எது என்று சொல்லப் போவதில்லை. எல்லாம் ஒரே குட்டையில் ஊறிய மட்டைகள்தான்.

இரண்டு வருஷமாகத் தேநீர் வகுப்புக்குப் போகிறேன், மட்சா என்கிற பச்சைத் தேயிலைத் தூளை முறைப்படி கலக்கிப் பரிமாறுகிற ஜப்பானியக் கலை அது. வகுப்பில் கொடுக்கிற கிண்ணத்தில்தான் இத்தனை நாள் மட்சா கலக்கினேன். சொந்தமாக ஒன்று வேண்டும், அதுவும் ஹாகிக் கிண்ணம் வேண்டும் என்று ஆசை. யாமகுச்சி மாநிலத்து ஹாகி ஊரில், 1604 வாக்கில் கொரியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட குயவர்கள் தொடங்கிவைத்த மரபு அது. தேநீர்க்காரர்கள் மட்பாண்ட வகைகளை 'ஒன்று ராகு, இரண்டு ஹாகி, மூன்று கராட்சு' என்று வரிசை சொல்வார்கள். ராகு நமக்கு எட்டாது. ஹாகியில் என்ன விசேஷம் என்றால், பளபளப்புப் பூச்சில் மயிரிழை மாதிரி விரிசல்கள் ஓடும், உள்ளே இருக்கிற மண் ஈரத்தை இழுக்கும். வருஷக்கணக்கில் குடிக்கக் குடிக்க அந்த இழைகளில் தேநீர் இறங்கி நிறமே மாறிப்போகும். 'ஹாகியின் ஏழு மாற்றங்கள்' என்பார்கள். நம் வீட்டில் மீன்குழம்புச் சட்டியைப் பழக்குகிற மாதிரிதான். (கிண்ணத்துக்கு ஜப்பானிய மொழியில் பெயர், நம் காதுக்குக் கிட்டத்தட்ட 'சாவான்' என்று கேட்கும். இப்போது விற்ற ஆளை நினைத்து அதைத் தமிழாகவே சொல்லிக்கொண்டிருக்கிறேன்.)

படத்தில் எல்லாம் சரியாக இருந்தது. வெளிறிய ஆரஞ்சு நிறம், உள்ளே பழுப்பு இழைகள், அடிவளையத்தில் ஹாகிக் கிண்ணங்களில் பார்க்கிற வெட்டு. கூடவே கிரி என்கிற லேசான மரத்தில் செய்த பெட்டி. மூடியில் தூரிகை எழுத்து, ஓரத்தில் சிவப்பு முத்திரை. செய்தவரே பெட்டியில் எழுதி முத்திரை வைத்துக் கொடுப்பதைத் தோமோபாகோ என்பார்கள். அது இருந்தால் விலையே வேறு. கீழே இரண்டு வரி: "போன வருஷம் காலமான பாட்டியின் தேநீர்ச் சாமான். புது வருஷத்து முதல் தேநீரை இதில்தான் தருவார்." அதில்தான் விழுந்தேன். செத்துப்போன பாட்டியை வைத்து யாராவது பொய் சொல்வார்களா? சொல்கிறார்கள்.

சனிக்கிழமை காலை பார்சல் வந்தது. இந்தச் செயலிகளில் நாம் கட்டிய பணம் நேராக விற்றவர் கைக்குப் போகாது. பொருள் வந்தது, சரியாக இருக்கிறது என்று நாம் மதிப்பீடு அழுத்திய பிறகுதான் போகும். பெட்டியின் கயிற்றை அவிழ்க்கும்போதே செய்தி வருகிறது: "பாட்டியின் கிண்ணம் நல்ல கைக்குப் போனதில் நிம்மதி. வீட்டைக் காலி செய்கிற செலவு இருக்கிறது, இன்றே மதிப்பீடு போட்டால் உதவியாக இருக்கும்." மூடியைத் திறந்தால் மஞ்சள் துணி. பூச்சி அண்டாமல் இருக்க மஞ்சள் சாயம் ஏற்றிய துணியில் சுற்றிவைப்பது இங்கே பழைய வழக்கம். அதைப் பார்த்ததும் எனக்கு ஊர் ஞாபகம் வந்து மனசு இளகிவிட்டது. துணிக்கு அடியில் எதற்கு இத்தனை செய்தித்தாள் திணித்திருக்கிறது என்று யோசித்திருக்க வேண்டும். கிண்ணத்தைக் கையில் எடுத்தேன், அழகாக இருந்தது, வைத்தேன், 'நன்று' அழுத்தினேன். கவிழ்த்துக்கூடப் பார்க்கவில்லை. அஞ்சு நிமிஷம். 38,000 யென்.

செவ்வாய்க்கிழமை வகுப்புக்குக் கொண்டுபோனேன். சென்செய், அதாவது எங்கள் ஆசிரியர், பெட்டி மூடியைப் பார்த்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம் மெதுவாக, "இதில் 'காஷிபாச்சி' என்று எழுதியிருக்கிறதே" என்றார். தேநீர்க் கிண்ணம் இல்லை, இனிப்பு வைத்துக் கொடுக்கிற பாத்திரம்! வேறு ஏதோ பெட்டியில் இதை வைத்து அடைத்திருக்கிறார்கள். அந்தக் கொடியெழுத்தை எனக்கு எங்கே படிக்கத் தெரியும்? கவிழ்த்தார். ஹாகி மண் என்றால் அடியில் மணல் பொறுக்கு கையில் நெருடும். இது வழவழ என்றிருந்தது, மேலே பழுப்புச் சாயம் தடவி. வெந்நீர் ஊற்றி வெள்ளைத் துணியால் உள்ளே ஒரு சுற்றுத் துடைத்தார். படத்தில் நான் பார்த்து மயங்கிய பழுப்புத் 'தேநீர்க் கறை' முழுக்கத் துணியில் வந்துவிட்டது. சென்செய் யாரையும் புண்படுத்த மாட்டார். "பயிற்சிக்கு வைத்துக்கொள்ளலாம்" என்றார். பயிற்சிக் கிண்ணம் இங்கே சில ஆயிரம் யென்னுக்கே கிடைக்கும்.

விற்ற ஆளுக்கு எழுதினேன். "எனக்கு இதெல்லாம் தெரியாது, பாட்டி சொன்னதைச் சொன்னேன்." மறுபடி எழுதினேன். "நோ கிளைம், நோ ரிட்டர்ன் என்று போட்டிருக்கிறேனே." மூன்றாவது தடவை எழுதப் போனால் கணக்கையே காணோம். செயலிக்காரர்களோ "விற்றவருடன் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்" என்கிறார்கள். காணாமல் போன ஆளுடன் எப்படிப் பேசுவது என்று கேட்டதற்குத்தான் மேலே சொன்ன அந்த நான்கு பதில்கள். "அந்தக் காசுக்கு ஊருக்கு டிக்கெட் பாதி வந்திருக்கும்" என்று வீட்டுக்காரர் வேறு.

என்னென்ன பார்த்து வாங்க வேண்டும் என்று விவரமாக எழுதத்தான் உட்கார்ந்தேன், எழுத எழுதக் கோபம்தான் வருகிறது. சுருக்கமாக: வெந்நீர் ஊற்றித் துடைத்துப் பார்க்காமல் மதிப்பீடு போடாதீர்கள், யார் அவசரப்படுத்தினாலும். அடிவளையத்துப் படம் கேட்டு வாங்குங்கள். பெட்டி எழுத்தை, படிக்கத் தெரிந்தவரிடம் முதலிலேயே காட்டுங்கள். பாட்டி கதை வந்தால் ஓடிவிடுங்கள். ஏமாந்துவிட்டால் 188-க்குப் போன் போடுங்கள், நுகர்வோர் உதவி எண். நான் நாளைக்குத்தான் போடப் போகிறேன்.

இதை எழுதும் நடுவில் அதே செயலியைத் திறந்து பார்த்தேன். புதுக் கணக்கு ஒன்று. படத்தில் அதே தாத்தாமிப் பாய், அதே ஓரத்தில் சிகரெட் சுட்ட அதே கருப்புப் புள்ளி. இந்தத் தடவை தாத்தாவின் கிண்ணமாம். 42,000 யென். புகார் கொடுத்திருக்கிறேன். 17 பேர் இதயக் குறி போட்டிருக்கிறார்கள்.