கொரொல்லாவில் ரிமோட் ஸ்டார்ட்டர்: பல குளிர்காலப் பாவனைக்குப் பிறகு

ரொறன்ரோவில் நாங்கள் பாவிக்கும் 2010 ரொயோட்டா கொரொல்லாவில், தனியாக வாங்கிய ரிமோட் ஸ்டார்ட்டரை (காருக்கு வெளியே இருந்தே பொத்தானை அழுத்தி எஞ்சினை ஓடவைக்கும் கருவியை) பொருத்திப் பல குளிர்காலங்கள் கடந்துவிட்டன. இதை வாங்க விரும்புபவர்கள் ரிமோட் எவ்வளவு தூரம் எட்டும் என்றே முதலில் கேட்கிறார்கள். ஆனால் இக்கருவியின் ஆயுள், ஸ்டியரிங்குக்குக் கீழே வயர்கள் எப்படி இணைக்கப்பட்டுள்ளன என்பதிலேயே பெரிதும் தங்கியிருக்கிறது.

சாவியைத் திருப்பும்போது இக்னிஷன் சுவிட்ச் செய்யும் வேலையை இந்தக் கருவி தானே செய்கிறது. எப்போதும் 12 வோல்ட் உள்ள வயரிலிருந்து மின்சாரத்தை எடுத்து, இக்னிஷன், அக்சசரி (ரேடியோ போன்ற துணைக் கருவிகளுக்கானது), ஸ்டார்ட்டர் வயர்களுக்கு உரிய ஒழுங்கில் கொடுக்கிறது. சில வாகனங்களில் இரண்டாவது இக்னிஷன் வயரும் உண்டு. அதை இணைக்காமல் விட்டால் எஞ்சின் ஓடும், ஹீற்றர் விசிறி மட்டும் சுழலாது. வயர்களின் நிறம் வாகனத்துக்கு வாகனம் மாறுவதால், ஒவ்வொன்றையும் வோல்ட் அளக்கும் மல்ரிமீற்றரால் சோதித்த பிறகே தொட வேண்டும். மஞ்சள் உறையிட்டவை ஏர்பேக் வயர்கள் என்பதால் அவற்றின் பக்கமே போகக்கூடாது.

கனடாவில் 2007 செப்டெம்பர் முதல் புதிய கார்களுக்கு இம்மொபிலைசர் என்னும் திருட்டுத் தடுப்புக் கருவி கட்டாயம் என்பதால், சாவியில் உள்ள மின்னணுச் சிப்பை அடையாளம் காணாமல் எஞ்சின் ஓடாது. சாவி இல்லாமல் ரிமோட்டால் ஓடவைக்கும்போது இதைச் சமாளிக்க ஒரு மேலதிகச் சாவியை டாஷ்போர்டுக்குள் ஒளித்து வைக்கும் பழைய முறையை நான் ஏற்கவில்லை; வாகனத் திருட்டு மலிந்த நகரத்தில் சாவியைக் காருக்குள்ளேயே விட்டுவைப்பது சரியல்ல. காருக்குள் சாவி தேவைப்படாமலே இம்மொபிலைசரைச் சமாளிக்கும் பைபாஸ் மொட்யூலுக்குக் கூடுதலாகச் செலவழித்தது நியாயமானதே.

இணைப்புகளை ஈயப்பற்று வைத்து, மேலே நல்ல டேப் சுற்றித் தரும்படி பொருத்துநரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொண்டேன். அவசர வேலையில் பலர் வயரைக் கடித்துப் பிடிக்கும் கிளிப்புகளையே பாவிக்கிறார்கள். மச்சானின் வானில் இடைக்கிடை ஸ்டார்ட் ஆகாமல் போனபோது டாஷ்போர்டின் அடிமூடியைக் கழற்றிப் பார்த்தோம். கிளிப்பின் பிளாஸ்ரிக் சூட்டில் பழுப்பேறி ஒரு பக்கம் உருகியிருந்தது. வயரின் இழைகளில் சிலவற்றையே அது பிடித்திருந்தது. கூடிய மின்னோட்டம் போகும் வயரில் அப்படியொரு இணைப்பு இருப்பது தீ விபத்துக்கு வழி.

எங்கள் காரில் தொல்லை வந்தது பொனற் சுவிட்சால். பொனற் திறந்திருக்கும்போது எஞ்சின் தானாக ஓடத் தொடங்காமல் தடுப்பது அதுதான். வீதியில் போடும் உப்பு கரைந்து அதன்மேல் சேறாகப் படிந்ததில், மூடிய பொனற்றைத் திறந்திருப்பதாகக் கருவி எடுத்துக்கொண்டது. ரிமோட்டை அழுத்தினால் பார்க்கிங் விளக்குகள் மட்டும் மின்னின. எத்தனை தடவை மின்னின என்று எண்ணி, கருவியின் கைந்நூலில் பார்த்தபோது காரணம் தெரிந்தது. இந்த நிலையில் சுவிட்சின் வயரை வெட்டிவிடச் சொல்பவர்கள் உண்டு. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். எஞ்சின் பெல்ற்றுக்குப் பக்கத்தில் ஒருவர் கை வைத்திருக்கும் வேளையில், வீட்டுக்குள் இருந்து யாராவது பொத்தானை அழுத்தினால் விரல்கள் போய்விடும். புதிய சுவிட்ச் மலிவானது. அது அமுங்கிய நிலையில் துருப்பிடித்து இறுகினால் பாதுகாப்பு சத்தமில்லாமல் இல்லாமற்போகும் என்பதால், ஒவ்வோர் இலையுதிர்காலத்திலும் பொனற்றைத் திறந்துவைத்து, சற்று விலகி நின்று, ரிமோட்டை அழுத்திப் பார்க்கிறேன். எஞ்சின் அசையக்கூடாது.

எஞ்சின் ஓடத் தொடங்கியதை அறிய அதன் சுழற்சி வேகத்தைக் காட்டும் வயரையே இணைத்திருக்கிறோம். பற்றரி வோல்ட்டை மட்டும் பார்த்து ஊகிக்கும் முறையில், கடுங்குளிரில் எஞ்சினைச் சுழற்றும் ஸ்டார்ட்டர் மோட்டர் நேரத்துக்கு முந்தியோ பிந்தியோ விடுபட வாய்ப்புண்டு. மைனஸ் 20 பாகையிலும் இதுவரை ஒழுங்காகவே ஓடுகிறது.

பாவனையில் பழக வேண்டியவை சிலவே. ஹீற்றர் குமிழ்களை முதல்நாள் இரவே சரியான இடத்தில் விட வேண்டும். காரில் ஏறியதும் சாவியைத் திருப்பிய பிறகே பிரேக்கை மிதிக்க வேண்டும்; முந்தி மிதித்தால் எஞ்சின் நின்றுவிடும். நின்ற நிலையில் எஞ்சினை ஓடவிடுவதற்கு ரொறன்ரோ நகரச் சட்டம் 60 நிமிடத்துக்குள் 1 நிமிடம் என்றே எல்லை வைத்திருப்பதால், சப்பாத்தும் அணிந்து கதவடிக்கு வந்த பிறகுதான் பொத்தானை அழுத்துகிறோம். கராஜ் வீட்டோடு ஒட்டியது. அங்கே தவறுதலாக எஞ்சின் ஓடினால் கார்பன் மொனொக்சைட் நேரே வீட்டுக்குள் வரும். ஆகவே காரை உள்ளே விடும் நாட்களில் வலே சுவிட்சை அழுத்திக் கருவியை முடக்கிவிட்டே இறங்குகிறோம்.