அடக்கிக்கொண்டு நிற்கும் போட்டிக் குதிரை: படுக்கையா, விசிலா, வழியில் நிறுத்தமா?

500 கிலோ எடையுள்ள குதிரை ஒரு நாளைக்கு ஏறக்குறைய 7 முதல் 15 லிட்டர் சிறுநீர் விடும். சொந்த லாயத்தில் நான்கு முதல் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை யாரும் கவனிக்காமலே நடந்துவிடும் காரியம் இது. அதே குதிரையை லாரியில் ஏற்றிச் சென்னையிலிருந்து பெங்களூருக்குக் கொண்டுபோய்த் தற்காலிகக் கொட்டிலில் விட்டால், இறங்கிப் பல மணி நேரமாகியும் அடக்கிக்கொண்டே நிற்கலாம். ஏறிச் சவாரி செய்யும்போதுதான் விஷயம் வெளியே வரும்: முதுகு இறுகும், வால் சுழலும், காலடி வீச்சு குறுகும், முன்னே போகச் சொன்னால் மறுக்கும். இதைத் திமிர் என்று எடுத்துக்கொண்டு குதிகாலால் இடிப்பவர்கள் நிறையப் பேர்.

குதிரை பின்கால்களை அகட்டிப் பின்னுக்குத் தள்ளி, உடலைச் சற்று முன்னே சாய்த்து, வாலைத் தூக்கித்தான் சிறுநீர் விடும். ஓடும் வண்டியில் நான்கு காலும் சமநிலைக்கே சரியாகப் போவதால் அந்த நிலைக்கு வரவே முடியாது. நின்ற இடத்திலும் தரை கடினமாக இருந்தால் காலில் தெறிக்கும். தெறிப்பைப் பெரும்பாலான குதிரைகள் வெறுக்கும். ஆகவே எந்த வழியையும் இரண்டு கேள்விகளால் எடைபோடலாம். அகட்டி நிற்க இடம் கொடுக்கிறதா? தெறிப்பைத் தடுக்கிறதா? இரண்டும் இல்லையென்றால் எவ்வளவு செலவு செய்தாலும் வீண்.

கொட்டிலின் படுக்கை

ஒரே ஒரு விஷயத்துக்குத்தான் பணம் இருக்கிறது என்றால் இதற்கே செலவிடுங்கள். போட்டி நடத்துபவர்கள் ரப்பர் விரிப்பின் மேல் இரண்டு விரல் உயரத்துக்கு மரச்சீவலைத் தூவிவிட்டுப் போவது வழக்கம். ரப்பர் விரிப்பு மூட்டுகளுக்கு நல்லது, ஆனால் தெறிப்பைச் சிமென்ட் தரையைப் போலவே திருப்பி அனுப்பும். குறைந்தது 10 செ.மீ. ஆழமாவது வேண்டும். 3 மீட்டருக்கு 3 மீட்டர் கொட்டிலுக்கு அழுத்திக் கட்டிய 20 கிலோ சீவல் மூட்டை நான்கு பிடிக்கும். அவ்வளவு முடியாவிட்டால் கொட்டில் முழுக்க மெலிதாகப் பரப்பாமல், தீனியும் தண்ணீரும் இருக்கும் மூலையிலிருந்து தள்ளி, நடுவிலும் பின்பக்கமுமாக ஒன்றரை மீட்டர் சதுரத்தில் ஆழமாகக் குவித்துவிடுங்கள். குதிரை அந்த இடத்தைத் தானே தேடிப் போகும்.

பொருள்களில் மென்மரச் சீவலுக்குத்தான் எங்கள் ஓட்டு. உறிஞ்சும், தெறிக்காது, குதிரையும் தின்னாது. ஆனால் நாற்காலி, மேஜை செய்யும் பட்டறையில் மலிவாகக் கிடைக்கும் கலப்புச் சீவல் வேண்டாம்: பிளைவுட் பசை, ஆணி, என்ன மரம் என்றே தெரியாத துண்டு எல்லாம் அதில் இருக்கும். வெளிநாட்டுப் போட்டிக்குப் போகிறவர்கள் இன்னொன்றையும் கேட்டுக்கொள்ள வேண்டும். அமெரிக்கக் கருப்பு வால்நட் மரச்சீவல் கலந்திருந்தால் அதன்மேல் நிற்கும் குதிரைக்குக் குளம்பு அழற்சி வரும்.

வைக்கோலின் பலம் வேறு. சிறுநீர் அடியில் இறங்கிவிடும், மேல்பகுதி உலர்ந்தே இருக்கும். காலால் அளைந்தால் எழும் சரசரப்பே சில குதிரைகளைத் தூண்டிவிடும். பலவீனம், தின்றுவிடும் என்பது. நெல் வைக்கோலை வயிறு முட்டத் தின்ற குதிரை மறுநாள் வயிற்றுவலியோடு நிற்கக்கூடும். பூஞ்சை பிடித்த கட்டு வந்தால் மூச்சுக்கும் கெடுதல். சமதளமான ரப்பரின் மேல் போட்டால் அடியில் தேங்கி அம்மோனியா நெடியும் கிளம்பும். இருந்தும் வைக்கோலிலேயே வளர்ந்த குதிரை சீவலின் மேல் சிறுநீர் விட மறுத்தால் பிடிவாதம் பிடிக்க வேண்டாம். சீவலுக்கு மேல் இரண்டு கை வைக்கோலை உதறிப் போட்டால் இரண்டின் பலனும் கிடைக்கும்.

மரத்தூள் தெறிப்பைத் தடுக்கும், ஆனால் மூடிய கொட்டிலில் நுரையீரலுக்கு ஆகாது. உமி சரியாக உறிஞ்சாது, காலடியில் விலகித் தரை தெரியும், தின்றால் குடலில் அடைக்கும். மலிவு என்பதைத் தவிர அதற்காகச் சொல்ல ஒன்றும் இல்லை. மரத்தூளை அழுத்திச் செய்த குச்சிகளை மூட்டையிலிருந்து கொட்டியபடியே விட்டால் கூழாங்கல் மாதிரி கிடக்கும். தண்ணீர் தெளித்து, ஊதிப் பொடியாகும் வரை விட்ட பிறகே குதிரையை உள்ளே விட வேண்டும்.

செலவில்லாத உபாயம் ஒன்று: புறப்படும் அன்று காலையில் அதே குதிரையின் லாயத்திலிருந்து சிறுநீரில் நனைந்த சீவலை ஒரு பையில் எடுத்துப்போய்ப் புதுப் படுக்கையின் நடுவில் கலந்துவிடுவது. தன் வாடை அடித்தால் பல குதிரைகள் உள்ளே நுழைந்ததும் மோந்து பார்த்துவிட்டுச் சிறுநீர் விட்டுவிடும். வேறு குதிரையின் படுக்கையை எடுத்துப் போகக் கூடாது, நோய் சேர்ந்து வரும்.

வழியில்: நிறுத்துவதா, இறக்குவதா?

இறக்கி நடத்தினால்தான் விடும் என்று பலர் நம்புகிறார்கள். நெடுஞ்சாலை ஓரத்தில் இறக்குவது ஆபத்து. ஒரு லாரி ஹாரன் போதும், பிடிகயிறு கையை விட்டுப் போய்விடும். இறங்கிய குதிரை திரும்ப ஏற மறுத்தால் போகிற நேரமும் பதற்றமும் தனிக் கணக்கு. ஏழெட்டு மணிப் பயணம் வரை வண்டியை நிறுத்தினாலே போதும். மூன்று, நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை நிழலில் நிறுத்தி, எஞ்சினை அணைத்து, கட்டுக்கயிற்றைத் தளர்த்தி, தண்ணீர் காட்டிவிட்டு 20 முதல் 30 நிமிடம் ஆளில்லாமல் விட வேண்டும். தலையைத் தாழ்த்த முடிவது மூச்சுக்குழாயில் சேர்ந்த சளி வடியவும் உதவும். ஐந்து நிமிட டீ நிறுத்தத்தால் பயனில்லை, குதிரை அமைதியாகவே அதற்குமேல் நேரம் பிடிக்கும்.

நிறுத்தியும் விடவில்லையென்றால் வண்டிக்குள் குதிரைகளைப் பிரிக்கும் தடுப்புப் பலகையைப் பாருங்கள். தரை வரை இறங்கும் பலகை இருந்தால் பின்கால்களை அகட்ட இடமே இருக்காது. கீழ்ப்பாதி திறந்தோ வளையும் ரப்பராகவோ இருக்கும் தடுப்புத்தான் சரி. வண்டித் தரையில் ஐந்தாறு செ.மீ. சீவல் போட்டு, கண்ணில் பறக்காமலிருக்க லேசாகத் தண்ணீர் தெளியுங்கள். பயணம் இன்னும் நீளமென்றால், இரவு தங்க நல்ல லாயம் ஒன்றை முன்பே பேசி வைத்து அங்கே இறக்குங்கள்.

விசில்

பந்தய லாயத்து சைஸ்களின் (குதிரை பராமரிப்பவர்களின்) பழைய கைவேலை இது. பந்தயத்துக்குப் பின் ஊக்கமருந்துச் சோதனைக்குச் சிறுநீர் பிடிக்கும் கொட்டிலில் இன்றும் கேட்கலாம். பழக்குவது எளிது, பொறுமை மட்டும் வேண்டும். வேலை முடிந்து புதுப் படுக்கை போட்ட லாயத்துக்குள் குதிரையை விடுங்கள். பெரும்பாலும் அப்போதுதான் சிறுநீர் விடும். கால்களை அகட்டும் கணத்தில் ஒரே மாதிரி தாழ்ந்த, நீண்ட விசிலைத் தொடங்கி, முடியும்வரை அடித்து, முடிந்ததும் நிறுத்தி ஒரு துண்டு கேரட் கொடுங்கள். சில வாரங்கள் தொடர்ந்து செய்தால் விசிலே சைகையாகிவிடும்.

கெடுவது பெரும்பாலும் ஒரே இடத்தில்: குதிரை ஆயத்தமாகும் முன்பே, ஆசைப்பட்டு, சும்மா நிற்கும்போதெல்லாம் விசிலடிப்பது. அப்படிச் செய்தால் அது அர்த்தமில்லாத சத்தமாகிவிடும். போட்டிக்கு முந்தின நாள் பழக்க ஆரம்பிப்பதும் வீண். வாளியில் தண்ணீர் ஊற்றும் சத்தத்தைச் சிலர் பரிந்துரைப்பார்கள். பழக்காத குதிரையிடம் அதை நம்பியிருக்க முடியாது. படுக்கையை முள்கரண்டியால் கிளறி உதறுவது அதைவிட மேல், அதற்குப் பயிற்சியும் தேவையில்லை. எப்படியும் சிமென்ட் தரையில் நிற்கும் குதிரையை எவ்வளவு நல்ல விசிலும் அசைக்காது.

ஏறுவதற்கு முன், ஏறிய பின்

ஏறுவதற்கு முக்கால் மணி நேரம் முன்பு சேணமில்லாமல், கட்டாமல், கொட்டிலில் தனியாக விடுவதுதான் முதல் வழி. கட்டிய குதிரையும், சுற்றி ஆள் நின்று பேசும் குதிரையும் சிறுநீர் விடுவது அரிது. அப்போதும் விடாமல், ஏறிய பின் தயங்கி நின்று காலை அகட்டப் பார்த்தால் புல் இருக்கும் ஓரத்துக்குக் கொண்டுபோய், கடிவாள வாரைத் தளர்த்தி, அங்கவடியில் எழுந்து, உங்கள் எடையைக் குதிரையின் இடுப்புப் பகுதியிலிருந்து முன்னே எடுத்துவிடுங்கள். முடியும்வரை உட்காரக் கூடாது.

ஆண்மை நீக்கிய குதிரையானால் ஆண்குறி உறையையும் பார்க்க வேண்டும். அழுக்குத் திரண்டு சிறுநீர்த் துளை அருகே கட்டியாகிப்போனால் வலிக்கு அஞ்சியே அடக்கும். வெதுவெதுப்பான நீரால் கழுவலாம், ஆனால் போட்டிக்கு ஓரிரு வாரம் முன்பே. முந்தின நாள் கழுவினால் எரிச்சல்தான் மிஞ்சும்.

சிறுநீர் பெருக்கும் மருந்துகளுக்கு இந்த ஒப்பீட்டில் இடமே இல்லை. ஃபுரோசமைடு அமெரிக்கப் பந்தயங்களில் நுரையீரல் இரத்தக்கசிவுக்காகக் கொடுக்கப்பட்டுவந்த மருந்து, சர்வதேசக் குதிரையேற்றக் கூட்டமைப்பான எஃப்.இ.ஐ.யின் போட்டிகளில் அனுமதி இல்லை. நீரையும் உப்பையும் வாரிக்கொண்டு போகும். நம் குதிரையின் சிறுநீரகம் சரியாகத்தான் வேலை செய்கிறது, அதற்கு விட இடம்தான் பிடிக்கவில்லை.

அடக்குகிறதா, நீரே இல்லையா?

வெளியூர்த் தண்ணீரின் மணம் பிடிக்காமல் குடிக்காத குதிரைக்கு விடுவதற்கே ஒன்றும் இருக்காது. ஈறு உலர்ந்து, விரலால் அழுத்திய இடம் மறுபடி சிவக்க இரண்டு வினாடிக்கு மேல் ஆனால் அது நீரிழப்பு. வீட்டிலிருந்து இரண்டு கேன் தண்ணீர் கொண்டுபோய்ப் பாதிக்குப் பாதி கலந்து கொடுப்பதும், தீனியை ஊறவைத்துக் கூழாகக் கொடுப்பதும் உதவும். குடிக்காத குதிரைக்கு உப்புக் கலவை மட்டும் புகட்டினால் நிலைமை மோசமாகும்.

குதிரையின் சிறுநீர் கலங்கலாக இருப்பது இயல்பே, கால்சியம் கார்பனேட் படிகங்கள் அவை. சீவலில் விழுந்து நேரமான பின் செம்பழுப்பாகத் தெரிந்தாலும் பதற வேண்டாம். விடும்போதே காப்பி நிறத்தில் வந்து, பின்பக்கத் தசையும் இறுகியிருந்தால் அது தசை சிதைவு: ஓரடியும் நடத்தாமல் கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள். திரும்பத் திரும்ப அகட்டி நின்று சொட்டுச் சொட்டாக வந்தாலோ, வேலைக்குப் பின் இரத்தம் கலந்தாலோ சிறுநீர்ப்பைக் கல் இருக்கலாம். அகட்டி நின்று, விலாவைத் திரும்பிப் பார்த்து, தரையைக் காலால் பறித்தால் பெரும்பாலும் வயிற்றுவலி. அப்போது விசிலும் படுக்கையும் வேலைக்காகாது, மருத்துவர் வரும்வரை தீனியை எடுத்துவிடுங்கள்.