தஞ்சாவூர்ப் படம் கடல் தாண்ட எந்தப் பெட்டி நல்லது: பைன் பலகையா, பிளைவுட்டா, இரண்டும் சேர்ந்ததா?

தஞ்சாவூர்ப் படத்தை வெளிநாட்டுக்கு அனுப்ப நினைப்பவர்கள் முதலில் கேட்பது, "மரத்துக்குப் பூச்சிச் சிகிச்சை செய்ததைக் காட்டும் அந்த முத்திரை பெட்டியில் இருக்குமா?" என்றுதான். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் அந்த முத்திரை படத்துக்காக வந்ததல்ல. 1996-இல் நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் ஆசிய நீள்கொம்பு வண்டு மரங்களைத் துளைத்துக்கொண்டிருப்பதைக் கண்டுபிடித்தார்கள். சரக்கு கட்டி வந்த மரத்துக்குள் ஒளிந்து வந்த பூச்சி அது. இப்படிப் பூச்சி ஊர் விட்டு ஊர் போவதைத் தடுக்கத்தான் 2002-இல் ஐ.எஸ்.பி.எம். 15 என்ற சர்வதேச விதி வந்தது. போய்ச் சேரும் நாட்டின் மரங்களைக் காப்பது அதன் வேலை. உள்ளே இருக்கும் படம் உடையுமா, பூஞ்சை பிடிக்குமா என்பதைப் பற்றி அந்த விதியில் ஒரு வரிகூட இல்லை. அதனால் ஒவ்வொரு பெட்டியையும் இரண்டு முறை எடைபோட வேண்டியிருக்கிறது: விதிக்கு ஒரு முறை, படத்துக்கு ஒரு முறை.

படத்தின் பலவீனம் எங்கே இருக்கிறது என்று தெரிந்தால் மீதி எளிது. பலகை, அதன்மேல் ஒட்டிய துணி, அதற்கு மேல் சுண்ணாம்புப் பூச்சு, மக்கு (பசைச் சாந்து) வைத்துப் புடைத்த வேலை, கற்கள், தங்க ரேக்கு, கடைசியாகக் கண்ணாடி. பலகை ஈரம் குடித்து ஊதும். மக்கு அதோடு சேர்ந்து ஊதாது. விரிசல் விழுவது அங்கேதான். அதிர்ச்சியில் கண்ணாடி உடைவது எல்லாருக்கும் தெரிந்த ஆபத்து. ஈரம் சத்தமில்லாத ஆபத்து.

பைன் பலகைப் பெட்டி

நம் ஊரில் கள்ளிப்பெட்டி என்றால் மனசில் வருவது இதுதான். உறுதியானது, ஃபோர்க்லிஃப்டின் முள் இடித்தாலும் தாங்கும். விதிப்படி பட்டை உரித்த மரமாக இருக்க வேண்டும். மரத்தின் நடுப்பகுதி வரை 56 டிகிரி செல்சியஸ் சூடு ஏறி, தொடர்ந்து 30 நிமிடம் நிற்க வேண்டும். அப்புறம் கோதுமைக் கதிர் சின்னம், நாட்டின் குறியீடு, சிகிச்சை செய்த கூடத்தின் எண், சூட்டுச் சிகிச்சையைக் குறிக்கும் எச்.டி. என்ற எழுத்துகள் கொண்ட முத்திரை. அது கையால் வரைந்ததாக இருக்கக் கூடாது. எதிரெதிரான இரண்டு பக்கங்களிலாவது கண்ணில் படும்படி இருப்பது நல்லது.

இங்கே பலர் ஏமாறும் ஓர் இடம் உண்டு. முத்திரை குத்திய பலகையை வாங்கி, நம் ஆசாரியிடம் கொடுத்து அறுத்துப் பெட்டி செய்தால் அது முத்திரையுள்ள பெட்டி ஆகாது. அரசின் தாவரப் பாதுகாப்புத் துறை அங்கீகரித்த கூடம்தான் முடிந்த பெட்டிக்கு முத்திரை இட முடியும்.

இன்னொரு விஷயம் எனக்குச் சொந்த அனுபவத்தில் புரிந்தது. கப்பலில் அனுப்பிய ஒரு கிருஷ்ணர் படம். பெட்டி விதிப்படிதான் இருந்தது, முத்திரையும் சரிதான். திறந்தபோது கண்ணாடியின் உட்புறம் முழுக்க மூடுபனி, பின்பக்கத் துணியில் பூஞ்சைப் புள்ளிகள். பெட்டி செய்து கொடுத்தவர் பச்சை மரத்தை வாங்கிச் சூடேற்றியிருந்தார். 56 டிகிரியில் அரை மணி நேரம் வைத்தால் புழு சாகும், பலகை காயாது. காயாத பலகையை நாம் பிளாஸ்டிக் சுற்றி இறுக்கி மூடுகிறோம். அது வாரக்கணக்கில் கன்டெய்னர் வெயிலில் ஆவி விட்டுக்கொண்டே போகிறது. அந்தப் படத்தை எழுதியவரிடம் அதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல் நான் நின்ற நாள் இன்னும் மறக்கவில்லை. அன்றிலிருந்து எச்.டி. என்பதோடு கே.டி., அதாவது சூளையில் உலர்த்திய மரம், என்றும் கேட்டு வாங்குகிறேன். ஈரமானி 12, 14 சதவீதம் காட்டினால் நிம்மதி. 20-ஐத் தொட்டால் பலகையைத் திருப்பி அனுப்பிவிடுகிறேன்.

புகையூட்டிய நாட்டு மரம்

மாமரம், ரப்பர் மரம் என்று மலிவாகக் கிடைப்பதைக் கொண்டு பெட்டி செய்து, மெத்தில் புரோமைடு வாயு ஏற்றி எம்.பி. முத்திரை வாங்குவது உண்டு. விதி இதை அனுமதிக்கிறது. நான் விரும்புவதில்லை. அந்த வாயு ஓசோன் படலத்தை அரிப்பது. கந்தகம் உள்ள ரப்பர், கம்பளி, தோல் போன்ற பொருள்களோடு அது வினைபுரிந்து போகாத நாற்றத்தை உண்டாக்கும். எல்லாவற்றையும் விட மோசம், படத்தை உள்ளே வைத்து ஆணி அடித்த பிறகு "மொத்தமாகப் புகை போட்டு விடலாம்" என்று யாராவது சொல்வது. சம்மதிக்காதீர்கள். எந்த வகைச் சிகிச்சையானாலும் காலிப் பெட்டிக்குத்தான்.

முழு பிளைவுட் பெட்டி

விதியின் பார்வையில் இதுதான் சுலபம். பசை, சூடு, அழுத்தம் மூன்றும் சேர்த்துச் செய்த பலகை என்பதால் பிளைவுட்டுக்கு ஐ.எஸ்.பி.எம். 15-இலிருந்து விலக்கு உண்டு. 6 மில்லிமீட்டரோ அதற்குக் குறைவோ தடிமன் உள்ள மரத்துக்கும் அப்படியே. முத்திரையே தேவையில்லை. பலகை இணைப்பு இடைவெளி இல்லாததால் மழைச்சாரலும் தூசியும் எளிதில் நுழையாது.

குறை மூலைகளில் இருக்கிறது. பிளைவுட்டின் ஓரத்தில் ஸ்க்ரூ போட்டால் அடுக்குகள் பிரியும், பிடிப்பு இருக்காது. சின்னப் பெட்டிக்குப் பரவாயில்லை. 20 கிலோ படத்தை உள்ளே வைத்து இரண்டு பேர் தூக்கினால் மூலை வாய் திறக்கும். சட்டத்துக்குப் பதிலாகப் பிளைவுட் பட்டைகளையே இரண்டு மூன்றாக ஒட்டி வைக்கலாம். வேலை அதிகம், எடையும் கூடும். அடுத்தது பசை. சாதா பிளைவுட்டின் யூரியா பசை ஃபார்மால்டிஹைடு வாயுவை விட்டுக்கொண்டே இருக்கும். கொதிநீர் தாங்கும் ஐ.எஸ். 710 ரகத்தின் ஃபீனாலிக் பசை அந்த வகையில் மேல். எதுவானாலும் உட்புறம் அலுமினியப் படலம் ஒட்டிய தாளை வைத்து மறைப்பது நல்லது.

பிளைவுட் பலகையும் பைன் ரீப்பரும்

என் கை தானாகப் போவது இதற்குத்தான். பக்கங்களுக்கு 12 மில்லிமீட்டர் பிளைவுட், ஓரங்களுக்கும் குறுக்குக்கும் உலர்ந்த பைன் ரீப்பர், அதாவது குறுகிய மரச்சட்டம். ரீப்பர் வெளிப்பக்கம் வர வேண்டும். உள்ளே வந்தால் படத்துக்கான இடத்தைத் தின்றுவிடும். ஸ்க்ரூ ரீப்பரைப் பிடிக்கும், பிளைவுட் விறைப்பைத் தரும். ஆனால் ரீப்பர் மரம்தான், அதற்கு விலக்கு கிடையாது. கால்கட்டை, உள்ளே முட்டுக் கொடுக்கும் கட்டை எல்லாம் சிகிச்சை செய்ததாக இருக்க வேண்டும். "முக்கால்வாசி பிளைவுட்தானே" என்ற பேச்சு துறைமுகத்தில் எடுபடாது. முத்திரையில்லாத ஒரு கட்டைக்காகப் பெட்டி முழுவதையும் திருப்பி அனுப்பச் சொல்ல அங்குள்ள அதிகாரிகளுக்கு அதிகாரம் உண்டு.

எடையையும் பார்க்கலாம். 120 × 100 × 30 சென்டிமீட்டர் பெட்டி. மொத்தப் பரப்பு 3.72 சதுர மீட்டர். 12 மில்லிமீட்டர் பிளைவுட் சதுர மீட்டருக்குச் சுமார் 7.5 கிலோ என்று வைத்தால் 28 கிலோ, ரீப்பருக்கு ஆறு கிலோ. 20 கிலோ படத்தோடு 54 கிலோ வரும். 20 மில்லிமீட்டர் பைன் பலகை என்றால் பலகை மட்டும் 37 கிலோ, சட்டத்தோடும் படத்தோடும் 65-ஐத் தொடும். விமானச் சரக்கில் அளவை வைத்தும் எடை கணக்கிடுவார்கள்: நீளம், அகலம், உயரத்தைப் பெருக்கி 6000-ஆல் வகுத்தால் இந்தப் பெட்டிக்கு 60 கிலோ. எது அதிகமோ அதற்குக் கட்டணம். கலப்புப் பெட்டி அந்த 60-க்குள் நிற்கிறது, பைன் பெட்டி தாண்டிவிடுகிறது. கூரியரில் பெரும்பாலும் 5000-ஆல் வகுப்பார்கள், அது 72 கிலோ. அங்கே இந்த வித்தியாசம் மறைந்துவிடும். கப்பலில் கன அளவே பெரிதாகப் பேசும், எடைக்காகப் பைனை ஒதுக்க வேண்டியதில்லை.

உள்ளே வைப்பது நான்கு பெட்டிக்கும் ஒன்றுதான். கண்ணாடிமேல் மாஸ்கிங் டேப் குறுக்கும் நெடுக்குமாக, சுற்றிலும் ஐந்து சென்டிமீட்டர் பாலிஎத்திலீன் ஃபோம், சிலிக்கா ஜெல். படம் நின்ற நிலையில் பயணிக்க வேண்டும். மூடிக்கு ஆணி வேண்டாம், ஸ்க்ரூ போடுங்கள். கஸ்டம்ஸில் கடப்பாரை போட்டு நெம்பினால் அந்த அதிர்ச்சி நேராக மக்கு வேலைக்குப் போகும். பழைய பழக்கத்தில் வைக்கோல் திணிக்காதீர்கள்; ஆஸ்திரேலியா அதை ஏற்பதில்லை. பழமை தோற்றமுள்ள படமென்றால் தொல்பொருள் அல்ல என்ற சான்றிதழையும் முன்கூட்டியே தொல்லியல் துறையிடம் வாங்கிவிடுங்கள். நூறு வருடம் தாண்டிய படத்தை 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி தனியார் யாரும் ஏற்றுமதி செய்ய முடியாது.

ஒன்றரை அடிக்குள் அடங்கும் படம், விமானம் என்றால் முழு பிளைவுட் போதும். அதைவிடப் பெரியது எல்லாவற்றுக்கும் நான் கலப்புப் பெட்டிதான் சொல்வேன். பைன் பெட்டியை எடுப்பது பல படங்களை ஒன்றாகக் கப்பலில் அனுப்பும்போது, அதுவும் உலர்ந்த மரம் கையில் கிடைத்தால் மட்டும். கண்காட்சிக்குப் போய்த் திரும்பி வரும் பெட்டியாக இருந்தால் கூடுதலாக ஒன்று: வழியில் ஒரு ரீப்பர் உடைந்தால் அங்கே கிடைத்த கட்டையை வைத்து அடித்துவிட விடாதீர்கள். மாற்றும் கட்டையும் சிகிச்சை செய்ததாக, தனக்கென்று முத்திரை உள்ளதாக இருக்க வேண்டும். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மாற்றினால் பழைய முத்திரைகளை எல்லாம் அழித்து, பெட்டியை மறுபடி சூட்டறைக்கு அனுப்பித்தான் எடுக்க வேண்டும்.