கருகல் நோய்க்கு மருந்தா, ரகமா? கொல்லை உருளைக்கிழங்குக்கு ஓர் ஒப்பீடு

நீலகிரியில் வீட்டுக் கொல்லையில் உருளைக்கிழங்கு போடுகிறவர்களுக்குப் பின்பருவக் கருகல் நோயை நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. மூடுபனியும் தூறலும் விடாமல் பிடித்துக்கொண்டால் நாலைந்து நாளில் அடியிலைகளில் நீர் கோத்த கரும்பச்சைத் திட்டுகள் வரும். காலையில் இலையைத் திருப்பினால் திட்டின் ஓரத்தில் மாவு தூவியதுபோல் வெள்ளைப் பூசணம் இருக்கும். வெயில் ஏறினால் அது மங்கிவிடும், அதனால் மத்தியானம் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்று இருந்துவிடாதீர்கள்.

இதற்கு மூன்று வழி இருக்கிறது. வழக்கமான குஃப்ரி ஜோதி ரகத்தையே நட்டு மருந்து அடிப்பது, எதிர்ப்புத் திறன் உள்ள குஃப்ரி கிரிதாரிக்கு மாறுவது, பருவத்தை மாற்றி மழைக்கு முன்பே தோண்டிவிடுவது. நான் கிரிதாரிக்கு மாறிவிட்ட ஆள், அதனால் இதில் நடுநிலை எதிர்பார்க்க வேண்டாம்.

பருவம் மாற்றுவதை முதலில் முடித்துவிடுகிறேன். ஜனவரியில் நட்டு மே மாதத்தில் தோண்டினால் தென்மேற்குப் பருவமழைக்குத் தப்பிவிடலாம். ஆனால் பள்ளமான இடங்களில் ஜனவரி உறைபனி இளஞ்செடியைக் கருக்கிவிடும், அப்புறம் கோடை முழுக்கத் தண்ணீர் பாய்ச்ச வேண்டும். கிணறு இருந்தால் சரி. தொட்டித் தண்ணீரை நம்பி இருக்கிற வீட்டுக்கு இது ஒத்துவராது.

மருந்து விஷயத்தில் செலவு பெரிதில்லை. 10 லிட்டர் போர்டோ கலவைக்கு 100 கிராம் மயில்துத்தம் (காப்பர் சல்பேட்), 100 கிராம் சுண்ணாம்பு, இரண்டு பிளாஸ்டிக் வாளி. தனித்தனியாகக் கரைத்து, துத்தக் கரைசலைச் சுண்ணாம்பில் ஊற்றிக் கலக்கி, துருவைத் தேய்த்தெடுத்த பழைய இரும்புக் கத்தியை முக்கிப் பார்க்க வேண்டும். கத்தியில் செம்பு நிறம் ஏறினால் இன்னும் கொஞ்சம் சுண்ணாம்பு சேர்க்கணும். கலந்த அன்றே அடித்துவிட வேண்டும், நாளைக்கு ஆகாது. கடையில் வாங்கும் மேங்கோசெப் என்றால் லிட்டருக்கு 2 கிராம், வேலை சுலபம்.

சிக்கல் எங்கே என்றால், இந்த இரண்டுமே இலைமேல் படிந்து காவல் இருக்கும் மருந்துகள், நோய் உள்ளே போன பிறகு விரட்டுகிறவை அல்ல. நோய்க்கிருமியின் வித்து வந்து விழுவதற்கு முன்னால் மருந்து இலையில் காய்ந்திருக்க வேண்டும், காய்வதற்குச் சில மணி நேரமாவது மழையில்லாமல் இருக்க வேண்டும், அந்தச் சில மணி நேரம்தான் ஜூலை மாதத்தில் கிடைக்காது. காலையில் வானம் தெளிந்திருக்கிறதே என்று தெளிப்பானைத் தோளில் மாட்டினால் பாதிப் பாத்தி முடிவதற்குள் தூறல் போடும். அடித்தது கழுவிப்போகும். கழுவாவிட்டாலும் அடுத்த வாரம் விரியும் தளிரில் மருந்து கிடையாது, மறுபடி அடிக்கணும். வேலைக்குப் போகிறவர்கள் ஞாயிற்றுக்கிழமைதான் தோட்டத்தில் நிற்க முடியும், மழை ஞாயிற்றுக்கிழமை பார்த்து விடுமா? போதாததற்கு நம் கொல்லையில் கிழங்குக்கு ஒரு முழம் தள்ளிக் கொத்தமல்லியும் கீரையும் நிற்கும். காற்று அடிக்கிற பக்கம் மருந்தும் போகும், அந்தக் கீரையை எந்தத் தைரியத்தில் பறிப்பது?

உள்ளே ஊடுருவும் மெட்டலாக்சில் இருக்கிறதே என்பீர்கள். இந்தக் கிருமி அதற்குப் பழகிப்போய் வெகுகாலம் ஆகிறது.

கிரிதாரியில் இந்த மழைக் கணக்கே வேண்டாம், அதற்காகத்தான் மாறினேன். மலைப்பகுதிகளுக்கென்றே சிம்லாவிலுள்ள மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையம் கொடுத்த ரகம் இது. பக்கத்துப் பாத்தியில் ஜோதி தண்டோடு கருகிச் சாயும்போது இதில் அங்கங்கே ஒரு புள்ளி, அதோடு நிற்கும். மண் அணைப்பதைத் தவிரப் பெரிய பராமரிப்பு இல்லை, அதுவும் எந்த ரகத்துக்கும் செய்யத்தான் வேண்டும், இலையிலிருந்து வழியும் நீர் கிழங்கைத் தொடாமல் இருப்பதற்கு. ருசியில் எங்கள் வீட்டில் யாரும் குறை சொல்லவில்லை, ஆனால் வறுவலுக்கு ஜோதிதான் என்று அடம்பிடிப்பவர்களை எனக்குத் தெரியும்.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஜோதியும் 1968-ல் கருகலைத் தாங்கும் ரகமாகத்தான் வெளிவந்தது, இன்று அதன் நிலைமை நமக்குத் தெரியும். கிரிதாரி எத்தனை காலம் தாங்கும் என்று என் சில வருடப் பழக்கத்தை வைத்து நான் உத்தரவாதம் தர முடியாது. இன்னொன்று, தக்காளிக்கும் இதே நோய்தான், கிழங்கு தப்பினாலும் தக்காளி தப்பாது. தக்காளி நிறையப் போடுகிறவர் எப்படியும் தெளிப்பானைத் தூக்கத்தான் போகிறார், அவருக்கு ஜோதியும் ஒன்றுதான், கிரிதாரியும் ஒன்றுதான்.

விதைக்கிழங்கு கிடைப்பதுதான் பெரிய தலைவலி. சந்தையில் ஜோதி மாதிரி குவிந்து கிடக்காது. ஊட்டி முத்தோரையில் இருக்கும் ஆராய்ச்சி நிலையத்தில் நடவுக்கு முன்கூட்டியே விசாரித்து வையுங்கள், ஒருமுறை கிடைத்துவிட்டால் நோயில்லாத செடியிலிருந்து முட்டை அளவுக் கிழங்குகளாக எடுத்து வைத்துக்கொள்ளலாம். சமவெளியில் இருக்கும் சொந்தக்காரர் கேட்டால் மட்டும் கொடுத்தனுப்ப வேண்டாம். 1961-லேயே நீலகிரி மண்ணில் உருளைக்கிழங்கு வேரைத் தாக்கும் முட்டைக்கூட்டு நூற்புழு கண்டுபிடிக்கப்பட்டதால் இங்கிருந்து விதைக்கிழங்கு வெளியே போகத் தடை இருக்கிறது.