வார்னிஷா, லக்கரா, அரக்குப் பாலிஷா?

மட்டக்களப்பு கல்லடியில் எங்கள் வீட்டுக்கு ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி. முன்கதவு முதிரை மரம். போன வருடம் அதற்கு வார்னிஷ் கேட்டு வாங்கினேன். தகரத்தில் லக்கர் என்று எழுதியிருந்தது. இரண்டும் ஒன்றுதான் என்றார் கடைக்காரர், நானும் நம்பிவிட்டேன். ஒரே மாரியில் கதவு வெளிறி, செதில் செதிலாக உரிந்தது. பார்க்க வந்த வயதான ஓடாவியார் நகத்தால் சுரண்டிப் பார்த்து, "இதில எண்ணெய் இல்ல மனே" என்றார்.

வித்தியாசம் முழுவதும் அந்த எண்ணெயில்தான். பழைய முறை வார்னிஷ் என்பது பிசினும், ஆளிவிதை எண்ணெய் போல உலரும் எண்ணெயும் சேர்ந்தது. எண்ணெய் காற்றிலுள்ள ஒட்சிசனைப் பிடித்து மெல்ல இறுகும். அதனால் ஒரு பூச்சுக் காய ஒரு நாள்கூட எடுக்கும். கச்சான் காற்று வீசும் நாளில் பூசினால் தூசி முழுவதும் அதில் ஒட்டிவிடும். ஆனால் காய்ந்தபின் மரம் ஊதிச் சுருங்கும்போது தானும் இழுபட்டுக் கொடுக்கும். கப்பல் பாய்மரங்களுக்கு வந்த மரைன் வார்னிஷில் எண்ணெய் இன்னும் அதிகம்.

லக்கர் அப்படியல்ல. தின்னர் பறந்ததும் காய்ந்துவிடும், சில நிமிடம் போதும். உள்ளே வைக்கும் அலுமாரிக்குக் கண்ணாடி மாதிரி வரும். மழைநாளில் பூசினால் காற்றின் ஈரம் உள்ளே அகப்பட்டுப் பால் நிறத்தில் படலம் விழும்.

பெயர்க்கதை எனக்குப் பிடித்தது. லக்கர் என்ற சொல்லின் வேர் சமஸ்கிருத லாக்ஷா, அதாவது நம்முடைய அரக்கு. ஆனால் இன்று தகரத்தில் வரும் சாதாரண லக்கரில் அரக்கே கிடையாது, நைட்ரோசெலுலோஸ் என்ற இரசாயனப் பொருள்தான். உண்மையான அரக்கு பிரெஞ்சுப் பாலிஷ் என்ற அரக்குப் பாலிஷில் இருக்கிறது. அரக்குப் பூச்சி மரக்கிளையில் சுரப்பதை ஸ்பிரிட்டில் கரைத்துத் துணிப்பொட்டலத்தால் தேய்ப்பார்கள். ஈரக் குவளை வைத்தால் வெள்ளை வளையம் விழும். ஆனாலும் கீறல் பட்ட இடத்தில் மேலே பூசினால் பழையதைக் கரைத்து ஒன்றாகிவிடும். வார்னிஷில் அது நடக்காது, தேய்த்துவிட்டுத்தான் மறுபூச்சு.

இங்கிலாந்தில் நகப்பூச்சுக்கு நெய்ல் வார்னிஷ் என்கிறார்கள், அமெரிக்காவில் நெய்ல் பாலிஷ், நம் பெண்களுக்கு அது கியூட்டெக்ஸ். பெரும்பாலும் அதிலிருப்பதும் நைட்ரோசெலுலோஸ்தான். சரியாகச் சொன்னால் அது லக்கர்! வார்னிஷை வினைச்சொல்லாகச் சொன்னால் இன்னொரு பொருளும் உண்டு, குறையைப் பூசி மெழுகுவது. என் கதவில் நடந்ததும் அதுதான்.

அம்மம்மாவின் பெட்டகத்துக்கு அரக்குப் பாலிஷைத் தவிர வேறெதையும் நான் தொடவிட மாட்டேன். புதிய அலுமாரிக்கு லக்கர் போதும், மழை விட்ட பிறகு. வெயிலும் உப்பும் படும் கதவு, யன்னலுக்கு மரைன் வார்னிஷ்தான். பங்குனியில் கதவைக் கழற்றி, பழையதை முழுதாகச் சுரண்டி, மூன்று பூச்சுப் பூசினோம். கதவின் அடி விளிம்பையும் விடவில்லை, தண்ணீர் முதலில் ஏறுவது அங்கேதான்.