விஸ்ட்ரீ: சி டிரைவைத் தின்பது எது என்று காட்டிக்கொடுக்கும் இலவச மென்பொருள்

சி டிரைவில் சிவப்புக் கோடு வந்ததும் எல்லோரும் முதலில் செய்வது ரீசைக்கிள் பின்னைக் காலி செய்வது, அப்புறம் டவுன்லோட்ஸில் கிடக்கும் பழைய செட்டப் ஃபைல்களைத் தூக்குவது, அதிலும் ஒன்றும் பெயரவில்லை என்றால் ஏதாவது ஒரு 'கிளீனர்' மென்பொருளை இறக்கி அது காட்டும் பட்டனையெல்லாம் அமுக்குவது. அந்த மூன்றாவது வேலை மட்டும் வேண்டாம். அதற்குப் பதில் விஸ்ட்ரீயை இறக்குங்கள். அது எதையும் தானாக அழிக்காது, எதை அழிக்கலாம் என்று அறிவுரையும் சொல்லாது. எந்த ஃபோல்டர் எவ்வளவு இடத்தைப் பிடித்து உட்கார்ந்திருக்கிறது என்று காட்டும், அவ்வளவுதான். என்னைக் கேட்டால் இந்த வகை மென்பொருள் அதற்கு மேல் எதுவும் செய்யக்கூடாது.

இதைத் தருவது நியூசிலாந்தைச் சேர்ந்த ஆன்டிபாடி சாஃப்ட்வேர். சொந்த உபயோகத்துக்கு இலவசம், ஆபீஸில் பயன்படுத்துவதென்றால் லைசென்ஸ் வாங்க வேண்டும். இன்ஸ்டால் செய்யாமல் அப்படியே ஓட்டும் போர்ட்டபிள் வடிவமும் உண்டு. இடமே இல்லாத கம்ப்யூட்டரில் இன்னொன்றை இன்ஸ்டால் செய்வானேன், பென் டிரைவில் போட்டு வைத்துக்கொண்டு அங்கிருந்தே ஓட்டலாம். நன்கொடை கேட்கும் பட்டன் ஒன்று மேலே கண்ணை உறுத்திக்கொண்டே இருக்கும், பணம் அனுப்பினால் போய்விடும்.

வேகத்தைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. என்டிஎஃப்எஸ் (விண்டோஸ் டிஸ்க்கில் ஃபைல்களை அடுக்கி வைக்கும் வழக்கமான முறை) டிரைவில் இருக்கும் ஒவ்வொரு ஃபைலின் பெயர், அளவு எல்லாம் மாஸ்டர் ஃபைல் டேபிள் என்ற ஒரே அட்டவணையில் பதிவாகியிருக்கும். மற்ற மென்பொருள்கள் ஃபோல்டர் ஃபோல்டராக உள்ளே இறங்கி எண்ணிக்கொண்டிருக்கும்போது விஸ்ட்ரீ நேராக அந்த அட்டவணையையே படித்துவிடுகிறது. அதனால் லட்சக்கணக்கில் ஃபைல் இருக்கும் டிரைவைக்கூட சில நொடிகளில் முடித்துவிடும். இதற்காகத்தான் திறக்கும்போதே அட்மின் அனுமதி கேட்கிறது. எக்ஸ்ஃபேட், ஃபேட்32 என்ற வேறு முறைகளில் ஃபார்மேட் செய்த டிரைவ், நெட்வொர்க் டிரைவ் என்றால் இந்த வித்தை பலிக்காது, அதுவும் மற்றவை மாதிரி நிதானமாகத்தான் எண்ணும்.

இதே வேலையைச் செய்யும், பலருக்கும் பழக்கமான வின்டிர்ஸ்டாட் நெடுங்காலம் 2007இல் வந்த 1.1.2 பதிப்பிலேயே நின்றிருந்தது, சமீபத்தில்தான் 2ஆம் பதிப்பு வந்து வேகமும் நன்றாகக் கூடியிருக்கிறது. ஓப்பன் சோர்ஸ்தான் வேண்டும் என்பவர்கள் தாராளமாக அதையே வைத்துக்கொள்ளலாம். இரண்டிலும் கீழே கலர் கலராகத் தெரியும் அந்தக் கட்டங்களுக்கு ட்ரீமேப் என்று பெயர், கட்டம் பெரிதாக இருந்தால் ஃபைலும் பெரியது என்று அர்த்தம். 1990இல் மேரிலாண்ட் பல்கலைக்கழகத்தின் பென் ஷ்னைடர்மன் இதை யோசித்ததே டிஸ்க் நிரம்பிப்போன எரிச்சலில்தான். அவருடைய ஆய்வகத்தில் 80 எம்பி டிஸ்க் ஒன்றை 14 பேர் பங்கு போட்டுக்கொண்டிருந்தார்கள், இடத்தை யார் அடைத்திருக்கிறார்கள் என்று கண்டுபிடிக்க முடியவில்லை. இன்றைக்கு 80 எம்பி ஒரு வீடியோவுக்கே பற்றாது, பிரச்சினை மட்டும் அதேதான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். விஸ்ட்ரீயில் நான் முதலில் பார்ப்பது 'சைஸ்', 'அலோகேட்டட்' என்று பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு பத்திகளைத்தான். முதலாவது ஃபைலின் உண்மையான அளவு. இரண்டாவது அந்த ஃபைலுக்காக டிஸ்க்கில் ஒதுக்கிய இடம். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை, ஏனென்றால் ஃபைல் சிஸ்டம் இடத்தை பைட் பைட்டாக அளந்து கொடுப்பதில்லை, கிளஸ்டர் என்ற கட்டிகளாகத்தான் கொடுக்கும். டப்பாவில் ஒரே ஒரு எள்ளைப் போட்டாலும் அந்த டப்பா போனது போனதுதான். என்டிஎஃப்எஸ்ஸில் கிளஸ்டர் வழக்கமாக 4 கேபி, ஆகவே சேதாரம் கொஞ்சம்தான். மிகச் சிறிய ஃபைல் என்றால் அந்த அட்டவணைக்குள்ளேயே அடங்கிவிடும், தனியாகக் கிளஸ்டரே வேண்டாம். ஆனால் 32 ஜிபிக்கு மேற்பட்ட டிஸ்க்கை விண்டோஸில் எக்ஸ்ஃபேட்டாக ஃபார்மேட் செய்தால் அது தானாகப் போடும் கிளஸ்டர் 128 கேபி. வெளியில் செருகும் டிஸ்க்கில் நிறையப் பேர் மாட்டிக்கொள்வது இங்கேதான். ஒரு வெப் ப்ராஜெக்ட்டின் நோட் மாட்யூல்ஸ் ஃபோல்டரை (ப்ராஜெக்ட்டுக்குத் தேவையான குட்டிக் குட்டி நிரல் ஃபைல்கள் குவிந்திருக்கும் இடம்) அப்படியே பேக்கப் எடுக்கிறீர்கள் என்று வையுங்கள். உள்ளே ஆளுக்கு ஒரு கேபி அளவில் ஒரு லட்சம் ஃபைல் இருந்தால் உண்மையான சரக்கு 100 எம்பிதான், டிஸ்க்கில் போவதோ 12 ஜிபிக்கு மேல்! எக்ஸ்ப்ளோரரில் அந்த ஃபோல்டரின் ப்ராப்பர்ட்டீஸைத் திறந்து 'சைஸ்', 'சைஸ் ஆன் டிஸ்க்' இரண்டையும் பார்த்தாலே புரிந்துவிடும்.

இதற்கு எந்தக் கிளீனராலும் ஒன்றும் செய்ய முடியாது, அழிப்பதற்கு அங்கே குப்பையே இல்லையே. டேட்டாவை வேறு இடத்துக்கு மாற்றிவிட்டு, டிஸ்க்கைச் சின்ன அலோகேஷன் யூனிட்டில் (கிளஸ்டருக்கு ஃபார்மேட் திரையில் இருக்கும் பெயர்) மறுபடி ஃபார்மேட் செய்யலாம். மேக்கிலும் எழுத வேண்டியதில்லை என்றால் என்டிஎஃப்எஸ்ஸுக்கே மாறிவிடலாம். இரண்டும் முடியாது என்றால் அந்தச் சின்ன ஃபைல்களையெல்லாம் ஒரே ஜிப்பாகக் கட்டிப் போடுங்கள், ஒரு லட்சம் கிளஸ்டரிலும் வீணாகும் மிச்ச இடம் ஒரே கிளஸ்டரின் மிச்சமாகச் சுருங்கிவிடும். வெறும் சினிமாவும் கல்யாண வீடியோவும் வைத்திருக்கும் டிஸ்க் என்றால் இதைப் பற்றிக் கவலையே படாதீர்கள், 128 கேபி அங்கே ஒரு பொருட்டே இல்லை.

சி டிரைவில் கதை வேறு. அங்கே ட்ரீமேப்பில் பெரிய பெரிய கட்டங்களாகத் தெரிபவை பெரும்பாலும் நீங்கள் உருவாக்காத ஃபைல்கள். ஹைபர்னேட் (ரேமில் இருப்பதை டிஸ்க்கில் எழுதி வைத்துவிட்டு அணைப்பது) வசதிக்கான ஃபைல் ரேமில் 40 சதவீதம் அளவுக்கு இருக்கும், 16 ஜிபி ரேம் என்றால் ஏறத்தாழ ஆறரை ஜிபி. லேப்டாப்பை ஹைபர்னேட் செய்யும் பழக்கமே இல்லை என்றால் கமாண்ட் ப்ராம்ப்ட்டில் அதை நிறுத்திவிடலாம், ஆனால் கம்ப்யூட்டரைச் சீக்கிரம் எழுப்பும் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பும் கூடவே போய்விடும். பெரிய விண்டோஸ் அப்டேட்டுக்குப் பிறகு நிற்கும் 'விண்டோஸ்.ஓல்ட்' ஃபோல்டர் 10 நாளில் தானாகப் போகும், அவசரம் என்றால் டிஸ்க் கிளீனப்பில் சிஸ்டம் ஃபைல்களைத் தேர்ந்தெடுத்து அழிக்கலாம். ஐபோனைக் கம்ப்யூட்டரில் பேக்கப் எடுப்பவர்களுக்கு அந்த பேக்கப் போய்ச் சேரும் 'மொபைல்சிங்க்' ஃபோல்டர் நிச்சயம் ஒரு அதிர்ச்சி தரும். டெவலப்பர்களுக்கு இன்னொரு தலைவலி டபிள்யூஎஸ்எல் (விண்டோஸுக்குள் லினக்ஸ் ஓட்டும் வசதி), டாக்கர் (மென்பொருள்களைத் தனித்தனிப் பெட்டிகளில் ஓட்டும் கருவி) இவற்றின் விஹெச்டிஎக்ஸ் ஃபைல், அதாவது ஒரு முழு டிஸ்க்கையே உள்ளே வைத்திருக்கும் ஒற்றை ஃபைல். உள்ளே எவ்வளவு அழித்தாலும் வெளியே அந்த ஃபைல் வழக்கமாகத் தானாகச் சுருங்காது, ஊதியது ஊதியபடியே இருக்கும். விண்டோஸின் டிஸ்க்பார்ட் கட்டளையில் போய் 'காம்பாக்ட்' செய்தால் இடம் திரும்பும்.

குறைகளும் உண்டு. மேலே சொன்ன எதையும் விஸ்ட்ரீ உங்களுக்கு விளக்காது. விண்டோஸ் தன் சொந்த ஃபைல்களை வைத்திருக்கும் 'வின்எஸ்எக்ஸ்எஸ்' ஃபோல்டர் பெரிதாக இருக்கிறதே என்று ரைட் கிளிக் செய்து அழிக்கப் போனால் அது கை கட்டி வேடிக்கை பார்க்கும், அதுவும் அட்மின் அனுமதியோடு ஓடிக்கொண்டிருக்கும் மென்பொருள். அந்த ஃபோல்டரில் பெரும்பகுதி ஹார்ட் லிங்க். ஒரே ஃபைல் இரண்டு மூன்று இடத்தில் தலை காட்டுவதால் எக்ஸ்ப்ளோரர் அதன் அளவை மிகைப்படுத்திச் சொல்லும். அதில் கை வைக்காதீர்கள், 'விண்டோஸ் இன்ஸ்டாலர்' ஃபோல்டரிலும் வேண்டாம். முதல்முறை திறப்பவருக்குத் திரை முழுக்க எண்ணாகத் தெரியும், அழகெல்லாம் எதிர்பார்க்க முடியாது. அப்படிப் பயப்படுபவர்கள் நேரே 'ஃபைல் வியூ' டேபுக்குப் போய்விடுங்கள், மொத்த டிரைவிலும் பெரிய ஃபைல்கள் வரிசையாக நிற்கும், முதல் இருபதைப் பார்த்தாலே பாதி வேலை முடிந்துவிடும்.

விண்டோஸுக்கு மட்டும்தான் இது. லினக்ஸ்காரர்களுக்கு பாவோபாப், ஃபைல்லைட், டெர்மினலிலேயே ஓடும் என்சிடியூ எல்லாம் இருக்கின்றன, மூன்றும் இலவசம், என் ஓட்டு என்சிடியூவுக்கு. அங்கே இன்னொன்றையும் பாருங்கள்: லினக்ஸில் வழக்கமான ஈஎக்ஸ்டி4 முறையில் ஃபார்மேட் செய்யும்போது ரூட்டுக்கென்று (லினக்ஸின் அட்மின் கணக்கு) 5 சதவீத இடத்தை எடுத்து வைத்துவிடும், 1 டிபி டிஸ்க்கில் அது கிட்டத்தட்ட 50 ஜிபி. ஓஎஸ் இல்லாமல் வெறும் டேட்டா மட்டும் போட்டு வைக்கும் டிஸ்க் என்றால் டியூன்2எஃப்எஸ் கட்டளையில் ஒரு சதவீதமாகக் குறைத்துக்கொள்ளலாம், ஃபார்மேட் செய்ய வேண்டியதில்லை, ஒரு ஃபைலையும் அழிக்க வேண்டியதில்லை.