கிளை பன்னிரண்டு, லோட் லைப்ரரி ஒன்று: மெயின்ஃபிரேமில் மூன்று வருஷ கிட் அனுபவம்

போன வாரம் பழைய டீம் நண்பன் போன் பண்ணினான். "எங்க அக்கவுண்ட்லயும் கிட்டுக்கு மாறச் சொல்றாங்கடா. விஎஸ் கோட், ஜோவி, டிபிபி எல்லாம் வருதாம். நீ மூணு வருஷமா ஓட்டுற, எப்படி இருக்கு?" (தெரியாதவர்களுக்கு: கிட், ஆளுக்கொரு கிளையில் தனித்தனியாக கோட் எழுத விடுவது; விஎஸ் கோட், எடிட்டர்; ஜோவி, அதை மெயின்ஃபிரேமோடு இணைப்பது; டிபிபி, மெயின்ஃபிரேம் ப்ரோகிராம்களை பில்ட் பண்ணும் கருவி.) அன்றைக்கு இருந்த கடுப்பில் வாயில் வந்ததைச் சொல்லிவிட்டேன். ஆற அமர எழுதி அனுப்பலாம் என்று இப்போது உட்கார்ந்தால், கடுப்பு இன்னும் ஆறவில்லை.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். பதினாறு வருஷம் பச்சைத் திரையில், அதாவது ஐஎஸ்பிஎஃப் என்ற பழைய மெயின்ஃபிரேம் எடிட்டரில், குப்பை கொட்டியவன் நான். 24 வரி, 80 எழுத்து, மேலே கீழே போக எஃப்7, எஃப்8. ஒன்பதாயிரம் வரி கோபோல் மொழி ப்ரோகிராமில் ஒரு பாராவைத் தேடிப் போய்விட்டுத் திரும்பி வருவதற்குள் எதற்குப் போனோம் என்பதே மறந்துவிடும். இப்போது பெயர் மேல் கிளிக் பண்ணினால் அங்கே நிற்கிறேன். கோபோல் வரிக்கு எல்லையான 72-ஆவது எழுத்து இடத்தில் எடிட்டர் ஒரு கோடு போட்டுக் காட்டுகிறது. முற்றுப்புள்ளி 73-இல் விழுந்து, கம்பைலர் அதைக் கண்டுகொள்ளாமல் விட்டு, ஐஎஃப்-புக்கு வெளியே இருக்க வேண்டிய வரி உள்ளே போய் மாட்டிக்கொண்ட ராத்திரிகளைப் பார்த்தவர்களுக்கு அந்தக் கோட்டின் அருமை தெரியும்.

ஆனால் நான் நிஜமாகவே மயங்கியது டிபிபி-யின் இம்பாக்ட் பில்டில்தான். முன்பெல்லாம் ஒரு காப்பிபுக்கில் (பல ப்ரோகிராம்கள் பகிர்ந்துகொள்ளும் ரெக்கார்ட் அமைப்பு) ஒரு ஃபீல்டை இரண்டு எழுத்து நீட்டினால் போதும், அந்த நாள் போயே போச்சு. ஐஎஸ்பிஎஃப்-இன் 3.14 தேடல் திரைக்குப் போய் லைப்ரரி லைப்ரரியாகத் தேடி, வந்த பட்டியலை எக்செல்லில் ஒட்டி, ஒவ்வொன்றாகக் கம்பைல் பண்ணுவோம். எப்படியும் ஒன்று விட்டுப்போகும். விட்டுப்போனது பழைய நீளத்திலேயே ரெக்கார்டைப் படித்து, எண் இருக்க வேண்டிய இடத்தில் எழுத்தைப் பார்த்து, ராத்திரி தானாக ஓடும் பேட்ச்சில் எஸ்0சி7 பிழை அடித்து நம்மை எழுப்பும். இப்போது காப்பிபுக்கை மாற்றி கமிட் செய்தால், யார் யார் அதை காப்பி பண்ணுகிறார்கள் என்று அதுவே பார்த்து அத்தனையையும் பில்ட் பண்ணிவிடுகிறது. முதல் தடவை 41 ப்ரோகிராம் வரிசையாக ஓடி முடிந்ததை டீ ஆறிப்போனது தெரியாமல் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்புறம் என்ன குறை என்கிறீர்களா? பில்ட் முடிந்தபின் அந்த லோட் மாட்யூல் (ஓடத் தயாரான ப்ரோகிராம்) போய் விழுகிற இடம்தான்.

எங்கள் டீமில் பன்னிரண்டு பேர். ஆளுக்கொரு கிளை, ஒருத்தர் எழுதிய ப்ரோகிராம் இன்னொருத்தர் எழுதியதைத் தொடாது. ஆனால் டெஸ்ட் சிஐசிஎஸ் ரீஜன் (ஆன்லைன் ப்ரோகிராம்களை ஓட்டிப் பார்க்கும் சூழல்) ஒன்று, அது படிக்கிற லோட் லைப்ரரி ஒன்று. அதில் ஒரு பெயருக்கு ஒரு மெம்பர், அதாவது ஒரு கோப்புதான். கடைசியாக யார் பில்ட் பண்ணினாரோ அவருடையதுதான் அங்கே உட்கார்ந்திருக்கும்.

மார்ச்சில் ஒரு நாள். பிரீமியம் கணக்கில் ஒரு திருத்தம். பில்ட் பச்சை. புதுப் பிரதியை எடுத்துக்கொள் என்று சிஐசிஎஸ்ஸுக்குச் சொல்ல செம்ட் போட்டு நியூகாபி அடித்தேன், நார்மல் என்றது. ஸ்கிரீனில் பழைய தொகையே வருகிறது. ப்ரோகிராம் எங்கே போகிறது என்று பார்க்க ஒரு டிஸ்ப்ளே வரி போட்டேன், மறுபடி பில்ட், மறுபடி நியூகாபி. டிஸ்ப்ளே வரவே இல்லை. சாப்பாட்டுக்கும் போகாமல் லாஜிக்கையே பிராண்டிக்கொண்டிருந்தேன். மூன்று மணிக்கு ஏதோ தோன்றி லோட் மாட்யூலையே பிரவுஸ் பண்ணினேன். கம்பைல் ஆன தேதியும் நேரமும் உள்ளே எழுத்தாகவே இருக்கும். 14:22 என்று இருந்தது. நான் பில்ட் பண்ணியது 14:05-க்கு. பக்கத்து வரிசைத் தம்பி அவன் கிளையிலிருந்து அதே ப்ரோகிராமை பில்ட் பண்ணியிருக்கிறான். காலையிலிருந்து இருவரும் மாறி மாறி ஒருவர் வேலையை ஒருவர் அழித்திருக்கிறோம். இரண்டு பேர் ஜிராவிலும் 'இன் ப்ராக்ரஸ்'.

டிபி2 டேட்டாபேஸைத் தொடும் ப்ரோகிராமாக இருந்தால் இன்னும் விசேஷம். லோட் அவருடையது, டேட்டாபேஸில் அதற்கு ஜோடியாக இருக்கும் பேக்கேஜ் உங்களுடையது என்று ஆனால் -805 பிழை வந்து நிற்கும். பைண்ட் பண்ண (அந்தப் பேக்கேஜை உருவாக்க) மறந்துவிட்டேனோ என்று நம்மையே சந்தேகப்படுவோம்.

பேட்ச் என்றால் வழி இருக்கிறது. சொந்த லோட் லைப்ரரியை வேலையை ஓட்டும் ஜேசிஎல்லில், ப்ரோகிராமைத் தேடும் இடங்களின் பட்டியலான ஸ்டெப்லிப்பின் முதல் வரியாகப் போட்டால் போதும். எங்கள் வேலையில் முக்கால்வாசி ஆன்லைன் ஆச்சே. ரீஜனுக்குக் கீழே யாருடைய லைப்ரரியை முன்னால் வைத்தாலும் அது எல்லோருக்கும் முன்னால்தான் வரும். ஆளுக்கொரு ரீஜன் கேட்டோம். இன்டெல் பெட்டியில் மெயின்ஃபிரேம் இயங்குதளமான இசட்/ஓஎஸ்-ஐ எமுலேட் பண்ணிக் கொடுக்கும் இசட்டிஅண்ட்டி மாதிரி ஏதாவது கிடைக்குமா என்றும் கேட்டோம். லைசன்ஸ், டெஸ்ட் டேட்டாவை மாஸ்க் பண்ணுவது, பட்ஜெட், அடுத்த காலாண்டு என்று பதில் வந்தது. எத்தனையோ அடுத்த காலாண்டு போய்விட்டது.

கடைசியில் என்ன செய்தோம் தெரியுமா? ஷேர்பாயின்ட்டில் ஒரு எக்செல் ஷீட். யார், எந்த ப்ரோகிராம், எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை. அதுதான் ஸ்லாட். கிட், பைப்லைன், ஸ்கிரம் போர்டு எல்லாவற்றுக்கும் மேலே இந்த ஷீட்தான் எங்கள் ஸ்பிரிண்டை ஓட்டுகிறது. ஸ்டாண்ட்-அப் பதினைந்து நிமிஷத்தில் பத்து நிமிஷம் ஸ்லாட் பஞ்சாயத்து. போன ஸ்பிரிண்டில் என்னுடைய இரண்டு ஸ்டோரி முடியாமல் அடுத்த ஸ்பிரிண்டுக்கு ஸ்பில் ஆனது. கோடிங் முதல் வாரமே முடிந்துவிட்டது. ஸ்லாட் கிடைக்கவில்லை, அவ்வளவுதான்.

இது கருவியின் குற்றம் இல்லை என்று எனக்கும் தெரியும். பழைய முறையில் ஒருத்தர் மெம்பரை எடுத்து வைத்திருந்தால் அடுத்தவர் தொடவே முடியாது, அதனால் இந்த மோதலும் இல்லை. கிட் அந்தப் பூட்டைத் திறந்துவிட்டது. உள்ளே அறை ஒன்றுதான் என்பதை யாரும் பார்க்கவில்லை.

ஆகவே நண்பனுக்கு: எடிட்டர் அருமை, பில்ட் அதைவிட அருமை. இருந்தாலும் இப்போதைக்கு மாறாதே. எத்தனை டெஸ்ட் ரீஜன் தருவீர்கள் என்று முதலில் கேள். ஒன்று என்றால் உன் பச்சைத் திரையில் நிம்மதியாக இரு. என்னைத் திரும்பப் போகச் சொன்னால் போவேனா? மாட்டேன். போன மாதம் அவசரத் திருத்தத்துக்காக ஐஎஸ்பிஎஃப்-இல் உட்கார்ந்து, சேமிக்க கன்ட்ரோல் எஸ் அடித்தவன் நான்.

இதை எழுதும்போதே சாட்டில் ஒரு மெசேஜ்: "ப்ரோ, உங்க ஸ்லாட் 4 மணியோட முடிஞ்சுது. நான் பில்ட் விடவா?" மணி 4:03.